ஒரே பொய்யைச் சொல்ற வாட்ச்

மாப்ளே, தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு பீச் ரயில் கிளம்புறதை வெச்சுக் கைக்கடியாரத்தைச் சோதிக்கிற மனுஷனை எனக்குத் தெரிஞ்சு இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுலயே உங்களைத்தான் பாக்குறேன். எங்க அண்ணன் பொண்ணு வந்து சொன்னப்ப நான் நம்பல. "சித்தப்பா, ரயில் அசைஞ்சதும் வாட்ச்சைப் பாக்குறாரு, உதட்டைப் பிதுக்குறாரு, அடுத்த ரயிலுக்கு நிக்கிறாரு"ன்னுச்சு. "விடும்மா, ரயில் பாக்கப் போற புருஷனால குடும்பத்துக்கு என்ன நஷ்டம்? பிளாட்பாரம் டிக்கெட் காசுதானே"ன்னு சமாதானம் சொல்லி அனுப்பிட்டேன். ஆனாலும் மனசு கேக்கல. அளக்குற கோலு அளக்கப்போற பொருளைவிட நேரா இருக்கணும்னு இவ்வளவு படிச்ச மாப்பிள்ளைக்கு எந்தக் காலேஜ்லயும் சொல்லிக் குடுக்கலையா?

ரயில்காரங்களை நான் குத்தம் சொல்லல. 1931 மே மாசத்துலேர்ந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுது. அந்த மீட்டர் கேஜ் ரயில் சத்தத்தைக் கேட்டு வயல்ல நின்னவங்க சோத்துக்குக் கரையேறின காலம் உண்டு. அவங்களுக்கு அது போதும். அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆனாலும் கஞ்சி ஒண்ணும் கோவிச்சுக்காது. உங்களுக்கு வேண்டியது செகண்டு. டைம்டேபிள்ல செகண்டுக்குப் பத்தியே கிடையாது. 8.12-ன்னு போட்டிருந்தா, 8.12 அடிச்ச உடனே கிளம்பினாலும் சரி, 8.12-ம் 59 செகண்டும் ஆகிக் கிளம்பினாலும் சரி, அவங்க கணக்குல நேரத்துக்குப் போயிட்டாங்க. இதுக்கு நடுவுல கடைசிப் பெட்டியில ஒரு அம்மா கீரைக்கூடையை ஏத்தி முடிக்கிற வரைக்கும் கார்டு கொஞ்சம் பெரிய மனசு பண்றாரு. நீங்க என்னடான்னா "இன்னிக்கு 40 செகண்டு பிந்துது, நேத்து 30 முந்துச்சு"ன்னு நோட்டு நோட்டா எழுதி வெச்சிருக்கீங்க. அது வாட்ச்சோட கணக்கு இல்ல மாப்ளே, கீரைக்கார அம்மாவோட கணக்கு.

ரயிலை விட்டுட்டு சூரியனைப் பிடிக்கலாமான்னு நீங்க கேக்க மாட்டீங்க, நான்தான் கேப்பேன். நிழலைப் பாத்து மணி சொல்றவன்னு முடிச்சூர்ல எனக்கு ஒரு பேரு உண்டு. அந்தப் பேரைக் கெடுத்துக்க எனக்கு இஷ்டமில்ல, அதனால இதை உங்களோட வெச்சுக்குங்க. நம்ம பக்கம் உச்சிப் பொழுது 12 மணிக்கு வர்றதே அபூர்வம். நவம்பர் மொத வாரத்துல 11.53-க்கே சூரியன் உச்சிக்கு வந்து நிப்பாரு. பிப்ரவரி நடுவுல 12.24 ஆக்கிடுவாரு. பூமி நீள்வட்டத்துல சுத்துறதும் சாஞ்சுக்கிட்டுச் சுத்துறதும் சேந்து பண்ற வேலை. ஒரு வருஷத்துக்குள்ள அரை மணி நேரம் ஊசலாடுற பெரியவரை நாம பொங்கல் வெச்சுக் கும்பிடுறோம். 20 செகண்டு தப்புப் பண்ற வாட்ச்சை "ஓட்டை வாட்ச்"னு திட்டுறோம். சரி, ஊசலாட்டத்தைக் கணக்குப் போட்டுக் கழிச்சுடலாம்னாலும் நிழலோட ஓரம் கத்தி வெச்சு வெட்டினாப்ல விழாது. சூரியத் தட்டு தன் அகலத்தைத் தானே கடக்க 2 நிமிஷம் ஆவுது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல சென்னைப் பக்கம் உச்சி நேரத்துல நட்ட கம்புக்கு நிழலே காணாம போவும். பசங்க பாட்டிலை நிறுத்தி வெச்சு வேடிக்கை பாக்குங்க. வேடிக்கைக்கு நல்லது. செகண்டு பாக்க ஒதவாது.

இந்த ஊசலாட்டத்தையெல்லாம் கழிச்சு, "நேரம்னா இதுதான்"னு ஒரு காலத்துல இந்தியா பூரா ரயிலுக்குச் சொன்னது எந்த ஊருன்னு நெனக்கிறீங்க? நம்ம நுங்கம்பாக்கம். கும்பினிக்காரன் 1792-ல அங்க வானாய்வுக் கூடம் கட்டினான். கோல்டிங்ஹாம்னு ஒரு துரை 1802-ல அந்த இடத்தோட தீர்க்க ரேகையைக் கணக்குப் போட்டு, கிரீன்விச்சைவிட மெட்ராஸ் 5 மணி 21 நிமிஷம் 14 செகண்டு முன்னால இருக்குன்னாரு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவாந்தரமா இருந்ததால ரயில்வேக்காரங்க அதையே எடுத்துக்கிட்டாங்க. லாகூர்ல ரயில் ஏறுறவனும் மெட்ராஸ் நேரம் பாத்துத்தான் மூட்டையைத் தூக்கணும். அன்னிக்குக் கருவியைத் தாங்கி நின்ன கருங்கல் தூண் இன்னும் வானிலை ஆபீஸ் வளாகத்துல நிக்கிது, தமிழ் எழுத்தும் அதுல வெட்டியிருக்கு. புயல் வந்தா டிவிக்காரங்க ஓடிப்போயி மைக்கை நீட்டுவாங்களே, அதே வளாகம்தான்.

1906 ஜனவரி 1-ந்தேதி இந்திய நேரம்னு ஒண்ணை வெச்சாங்க. 82.5 டிகிரி ரேகை, கிரீன்விச்சுக்கு 5.30 முன்னால. கணக்குப் போட்டுப் பாருங்க, மெட்ராஸுக்கு 8 நிமிஷம் 46 செகண்டு வித்தியாசம். அன்னிக்கு ஊர்ல இருந்த எந்தக் கடியாரமும் ஒரு தப்பும் பண்ணல. ராத்திரி படுக்கும்போது சரியா இருந்ததெல்லாம் விடிஞ்சா கிட்டத்தட்ட 9 நிமிஷம் பிந்தி நிக்கிது. இதை ஏன் சொல்றேன்னா, வாட்ச் சரியா தப்பான்னு கேக்குறதுக்கு முன்னாடி யாரோட நேரத்துக்குன்னு கேட்டுக்கணும். சூரியன் கணக்கே வேணும்னு நீங்க அடம் பிடிச்சா அதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. நுங்கம்பாக்கத்துல உச்சி வந்து அரை நிமிஷம் கழிச்சுத்தான் தாம்பரத்துல உச்சி. இவ்வளவு கிட்ட இருந்தும் நாம அவங்களுக்கு 30 செகண்டு பிந்தினவங்க. நிலம் விலையிலயும் பிந்தித்தானே இருந்தோம், இப்பத்தான் புடிச்சிருக்கோம்.

அந்த நுங்கம்பாக்கம் கூடத்துல வேலை பாத்தவரு சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல ஒரு நட்சத்திரம் மங்கி மங்கிப் பிரகாசிக்கிறதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவரு. ராத்திரி பூரா தூரதர்சினியில பாத்துட்டு வீட்டுக்கு வந்தா பஞ்சாங்கம் வேற இடத்துல கிரகத்தைப் போட்டிருக்கு. மனுஷன் பஞ்சாங்கத்தை வானத்தோட ஒப்பிட்டுச் சரி பண்ணணும்னு வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டாரு. நூத்தம்பது வருஷம் ஆச்சு, அந்தச் சண்டை ஓயல. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில்ல பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-லதான்னு சொல்லிட்டாங்க. சனி பகவானுக்கே ரெண்டு வாட்ச்! ஏழரை எப்ப முடியுதுன்னு எங்க பங்காளி ஒருத்தன் ரெண்டையும் பாத்து, தனக்கு எது தோதோ அதை எடுத்துக்கிட்டான். நீங்களும் வாட்ச் பிந்தினா ரயிலு, முந்தினா கோயில் மணின்னு எடுத்துக்காம ஒரு குருவைப் பிடிங்க.

குரு யாருன்னா, டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம்னு இருக்கு. அணுக் கடியாரம் வெச்சு நாட்டுக்கே நேரம் காப்பாத்துறது அவங்கதான். அவங்க நேரத்தை இணையத்துல காட்டுறாங்க. உங்க செல்போன்ல தானா வர்ற நேரமே நம்ம வேலைக்கு ஏராளம். தானியங்கி நேரம்னு செட்டிங்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. நாங்கெல்லாம் ஆகாசவாணி செய்திக்கு முன்னால 'பீப் பீப்'னு வர்றதை வெச்சுத்தான் சாவி குடுத்தோம். ரேடியோவுல அந்த பீப் நம்பலாம். அதே ரேடியோவை நீங்க போன்ல ஆப் வழியாக் கேட்டீங்கன்னா பல செகண்டு கழிச்சுத்தான் வரும்; டிவியும் அப்படித்தான். பக்கத்து வீட்டுல சிக்ஸர் அடிச்சதுக்குக் கத்தின பெறகு நம்ம வீட்டு டிவியில பந்து போடுறான், பாத்திருக்கீங்கல்ல.

இப்ப வாட்ச்சுக்கு வருவோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில வாங்கினேன், எச்.எம்.டி. ஜனதா, ஒரிஜினல்னு சொன்னீங்க. நான் சிரிச்சது மரியாதைக் கொறைச்சலா நெனக்காதீங்க. நான் கட்டின ஜனதா வெள்ளை டயலு, கறுப்பு எழுத்து, கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுல போட்டது. உங்களுது நாவல்பழக் கலர்ல மினுக்குது, முள்ளு தங்கக் கலரு, உள்ள 'ஜனதா'ங்குற எழுத்து கொஞ்சம் கோணலு. எச்.எம்.டி. 1961-ல ஜப்பான்காரன் சிட்டிசன் கம்பெனியோட சேந்து பெங்களூர்ல வாட்ச் ஆரம்பிச்சுது. 2016-ல கவர்மெண்டு அந்தக் கம்பெனியை மூட முடிவு பண்ணிடுச்சு. மூடினதும் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. செத்துப்போன வாட்ச்சுக்கெல்லாம் புது டயல் அடிச்சு, நாலு வாட்ச் உதிரியை ஒரு கூட்டுக்குள்ள போட்டு விக்கிறாங்க. போனா போவுது. உள்ள இருக்கிற யந்திரம் அசலா இருந்தா மேல பூசின பெயின்டு நேரத்தைக் கெடுக்காது. நம்ம வீட்டுப் பொம்பளைங்ககிட்ட இந்த விஷயத்தை வேற மாதிரி சொல்லிப் பாருங்க, நடக்கறதைப் பாப்போம்.

அந்த யந்திரத்துல 17 கல்லு இருக்கும். உள்ள ஒரு சக்கரம், பேலன்ஸ்னு பேரு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கும். அதுக்கு மூச்சு குடுக்கறது மயிரிழை மாதிரி ஒரு ஹேர் ஸ்பிரிங். மணிக்கு 18,000 துடிப்பு, செகண்டுக்கு 5. ஒரு நாளைக்கு எவ்வளவு? 4,32,000. எங்கேயோ கேட்டாப்ல இருக்கா? கலியுகத்துக்குப் புராணத்துல எத்தனை வருஷம் போட்டிருக்கான்னு உங்க பாட்டியைக் கேளுங்க. அதே 4,32,000. நீங்க ஒரு நாள் கையில கட்டி அவுக்கறதுக்குள்ள அது ஒரு கலியுகத்தை எண்ணி முடிக்கிது. அதுல 10 செகண்டு தப்புன்னா 50 துடிப்பு. 4,32,000-க்கு 50 பெசகுது, அதுக்கு நீங்க உதட்டைப் பிதுக்குறீங்க. நம்ம பாட்டன் கணக்குல 24 செகண்டு ஒரு விநாழிகை. அந்த வயசு வாட்ச்சு நாளைக்கு ஒரு விநாழிகைக்குள்ள நின்னுதுன்னா தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக் குடுங்க.

சோதிக்கிற விதம் சொல்றேன், நோட்டு எடுத்துக்குங்க. அந்தக் கீரைக்காரம்மா நோட்டு இல்ல, புதுசு. காலையில ஒரே நேரத்துக்கு முழுச் சாவி குடுங்க. விரல்ல இறுகுறது தெரிஞ்சா நிறுத்திடுங்க, அதுக்கு மேல திருகினா உங்க பலத்தைத்தான் காட்டுவீங்க. நிமிஷ முள்ளை, செகண்டு முள்ளு 60-ல வரும்போது கோட்டு மேல சரியா உக்கார்ற மாதிரி வையுங்க. இல்லாட்டி நாலு நாள் கழிச்சு 'முப்பது செகண்டு முந்துதா, முப்பது பிந்துதா'ன்னு நீங்களும் வாட்ச்சும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும். அப்புறம் முக்கியம் என்னன்னா, செகண்டைப் போனோட கச்சிதமாச் சேக்கணும்னு மெனக்கெடாதீங்க. நிறையப் பழைய வாட்ச்ல குமிழை இழுத்தாலும் செகண்டு முள்ளு நிக்காது, அது பாட்டுக்கு ஓடும். ஓடட்டும். மொத நாள் 4 செகண்டு முன்னால இருந்தா '4 முந்தல்'னு எழுதுங்க. அஞ்சாம் நாள் அதே நேரத்துக்குப் பாத்தா 44 முந்தல். நடுவுல போனது 4 நாளு, கூடினது 40 செகண்டு, நாளைக்கு 10. முடிஞ்சுது கணக்கு. நடுவுல ஒரு தரமும் முள்ளைத் திருப்பக் கூடாது. திருத்திக்கிட்டே இருந்தா அது யாரோட தப்புன்னு கடைசி வரைக்கும் தெரியாது. புள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்துமான்னு எனக்குத் தெரியல, என் பையன் விஷயத்துல பொருந்தல.

பாக்கும்போது போன்ல செகண்டு 00 ஆனதும் கண்ணை வாட்ச்சுக்குத் திருப்பாதீங்க. அந்தத் திருப்பத்துலயே கால் செகண்டு போயிடும். கண்ணு வாட்ச்சுலயே இருக்கட்டும், பொண்ணை விட்டு "இப்போ"ன்னு சொல்லச் சொல்லுங்க. அது "இப்போ" சொல்றதுக்கு முன்னால "பால் தீந்து போச்சு, மளிகைக் கடைக்குப் போகணும்"னு வேற ஏதாவது சொல்லும், அதுக்கு நான் பொறுப்பில்ல. தனி ஆளா செய்யணும்னா செகண்டு காட்டுற ஒரு திரையையும் வாட்ச்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நேர் மேலேர்ந்து ஒரு படம் பிடிச்சுடுங்க. சாய்வாப் பாத்தா முள்ளு ஒரு கோடு தள்ளித் தெரியும்.

அடுத்து, வாட்ச் எப்படிப் படுக்குதுங்கறதுல இருக்கு பாதி சூட்சுமம். டயல் மேல பாத்தபடி படுக்கப் போட்டா பேலன்ஸ் சக்கரத்தோட அச்சு, முனையில நிக்கும். உராய்வு கம்மி, நல்லா வீசி ஆடும். நிமித்தி வெச்சா அச்சு பக்கவாட்டுல படுத்துக்கும். உராய்வு கூடும், ஆட்டம் குறையும். ஓட்டமும் மாறும். ஒரு நாள் பூரா படுக்கப் போட்டு எழுதுங்க, ஒரு நாள் குமிழ் மேல பாத்தபடி, ஒரு நாள் குமிழ் கீழ பாத்தபடி. பகல்ல கையில கட்டினா 8 செகண்டு முந்துது, ராத்திரி நிமித்தி வெச்சா 6 செகண்டு பிந்துதுன்னு வைங்க, நீங்க தூங்குற நேரத்துல அதுவே பகல்ல பண்ண பாவத்தைக் கழுவிக்கும். மெக்கானிக்கும் வேணாம், செலவும் இல்ல. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுத்தவரு மேற்குத் தாம்பரத்துல ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து, ஒத்தைக் கண்ணுல லூப்பு மாட்டிக்கிட்டு வேலை பாத்த ஒரு பாய். இதைச் சொல்லிட்டு, "எல்லாருக்கும் சொல்லிடாதீங்க, எனக்குப் பொழப்பு இருக்கு"ன்னாரு.

சுவிட்சர்லாந்துலயும் இதைத்தான் பண்றாங்கன்னு பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா. கோஸ்க்னு ஒரு சோதனைச் சாலை. 15 நாளு, 5 நிலையில, 8, 23, 38 டிகிரின்னு மூணு சூட்டுல வெச்சுப் பாத்து, சராசரி நாளைக்கு 4 செகண்டு பிந்தறதுலேர்ந்து 6 செகண்டு முந்தறதுக்குள்ள நின்னாத்தான் சர்டிபிகேட். 38 டிகிரிக்கு அங்க அடுப்பு மாதிரி ஏதோ வெச்சிருப்பாங்க போல. மீனம்பாக்கத்துல மே மாசம் அது நிழல்லயே தாண்டிப் போவுது, அந்தச் சோதனை நமக்கு இலவசம். 8 டிகிரிக்குன்னு வாட்ச்சைக் கொண்டுபோயி ஃபிரிட்ஜ்ல வெச்சுடாதீங்க மாப்ளே. வெளியில எடுத்தா உள்ள வேர்த்துடும். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப அலமாரியில இருந்த என் ஜனதா முங்கிடுச்சு. வெளியில துடைச்சுப் பாத்தா பளிச்னு இருந்துச்சு. பின்மூடியைத் திறந்தா உள்ள ஹேர் ஸ்பிரிங்ல செம்மண் கலர்ல துரு. அவ்வளவுதான், ஒரு முடி அளவு துரு, ஆட்டம் நின்னு போச்சு.

இத்தனையும் பண்ணி முடிச்சு நோட்டைத் திறந்தா எந்த நம்பரைப் பாப்பீங்க? எவ்வளவு முந்துது, எவ்வளவு பிந்துதுன்னுதானே? அதை ரெண்டாவதா பாருங்க. மொதல்ல, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. வண்டி மாட்டுல ஒண்ணு எப்பவும் இடப்பக்கமே இழுக்கும்னு தெரிஞ்சா, வலக் கயித்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு தூங்கிக்கிட்டே ஊர் போய்ச் சேரலாம். இன்னிக்கு இடம், நாளைக்கு வலம்னு இழுக்கிற மாடுதான் குடை சாய்க்கும். நாளைக்கு 15 செகண்டு தவறாம முந்துற வாட்ச் நல்ல வாட்ச். ஒரு நாள் 20 முந்தி, மறுநாள் 20 பிந்தி, 'சராசரி பூஜ்யம்'னு உங்க கம்ப்யூட்டர் சொல்ற வாட்ச் கழிசடை. அந்தச் சராசரியைக் கடைக்காரன் சொன்னா காசை உள்ள வைங்க.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. ஹாரிசன்னு ஒரு தச்சர், கப்பல்ல கொண்டுபோற கடியாரம் பண்ணினாரு. 1761-ல அவரு மகன் அதை எடுத்துக்கிட்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினாரு. 81 நாள் கழிச்சுப் பாத்தா 5 செகண்டுதான் பிந்தியிருந்துச்சுன்னு ஒலகமே கொண்டாடுது. அதுல ஒரு சங்கதியைப் பல பேரு விட்டுடுறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே "இது நாளைக்கு இரண்டே முக்கால் செகண்டு வாக்குல பிந்தும்"னு சோதிச்சு எழுதி வெச்சுட்டாங்க. அந்த வழக்கமான பிந்தலைக் கழிச்ச பெறகு மிஞ்சினதுதான் 5 செகண்டு. அந்தக் கடியாரமும் பொய் சொல்லுச்சு மாப்ளே, ஆனா நடுக்கடல்லயும் அதே பொய்யைச் சொல்லுச்சு. அதை நம்பிக் கப்பல் ஓட்டினாங்க. நாளுக்கொரு பொய் சொல்ற ஆளோட எங்க ஊர்ல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதில்ல, தினம் ஒரே பொய்யைச் சொல்றவனைப் பஞ்சாயத்துத் தலைவராக்கிடுவோம்.

ஓட்டம் ஒரே சீரா இருந்து, அளவு மட்டும் அதிகம்னா மெக்கானிக்கிட்ட போங்க. உள்ள பேலன்ஸ் மேல ஒரு சின்ன நெம்புகோல் இருக்கு, அதை மயிரளவு நகத்தினா போதும். நீங்களே ஊசியை எடுத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க. சீரே இல்லாம தாறுமாறா இருந்தா எண்ணெய் காஞ்சிருக்கும், அழுக்கு இருக்கும், சர்வீஸ் பண்ணணும். இப்பல்லாம் கடையில ஒரு மெஷின் வெச்சிருக்காங்க, டைம்கிராஃபர்னு. வாட்ச்சை அதோட காதுல வெச்சா 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டே நாளைக்கு எவ்வளவு முந்தும்னு ஒரு நம்பரு, சக்கரம் எத்தனை டிகிரி ஆடுதுன்னு ஒரு நம்பரு காட்டும். முழுச் சாவியில படுக்கப் போட்டு 270, 280 டிகிரி ஆடினா வாலிபம். 200-க்குக் கீழ போனா முனகல்னு அர்த்தம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, அந்த மெஷின் அரை நிமிஷம் கேட்டுட்டு ஒரு நாளைக்குப் பெருக்கிச் சொல்லுது. ஜாதகம் பாக்கறதுக்கு அது சரி. வாழ்ந்து பாத்த கணக்கு உங்க நோட்டுலதான் இருக்கும்.

திடீர்னு ஒரு நாள் நிமிஷக் கணக்குல முந்த ஆரம்பிச்சா பயந்துடாதீங்க. ராத்திரி எங்க வெச்சீங்கன்னு யோசிங்க. காந்தம் வெச்ச போன் கவர், ஸ்பீக்கர், பொண்ணோட ஹேண்ட்பேக் கொக்கி, இதுல ஏதோ ஒண்ணு மேல வெச்சிருப்பீங்க. காந்தம் ஏறினா ஹேர் ஸ்பிரிங்கோட சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஸ்பிரிங் நீளம் கொறைஞ்சாப்ல ஆகி, சக்கரம் பரபரன்னு அடிக்கும். ஒரு திசைகாட்டி பக்கத்துல வாட்ச்சைக் கொண்டுபோங்க. முள்ளு தலையாட்டினா காந்தம்தான். கடையில காந்தம் எடுக்குற கருவியில வெச்சு எடுத்தா நிமிஷத்துல சரியாயிடும். அதுக்குப் போயி யாராவது "முழு சர்வீஸ், ஸ்பிரிங் மாத்தணும்"னு ஆரம்பிச்சா வாட்ச்சை வாங்கிக்கிட்டு நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

இவ்வளவு சொன்னேன், நீங்க கோவிச்சுக்கலன்னா இன்னொண்ணும் கேக்குறேன். போன மாசம் சீமந்தத்துக்கு 9-லேர்ந்து 10.30 முகூர்த்தம். நீங்க குரோம்பேட்டை தாண்டிட்டேன்னு போன் பண்ணினது 10.20-க்கு. ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்னு சொன்னீங்க, சரி. அதுக்கு முந்தின காதுகுத்துக்கும் அதே குரோம்பேட்டை, அதே டிராஃபிக். பாருங்க, இப்பவும் நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஒவ்வொரு தடவையும் ஒண்ணரை மணி நேரம், கொஞ்சமும் கூடக் கொறையாமப் பிந்தறீங்க. ஓட்டம் சீரா இருக்கு. அதனால எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்ப உங்களுக்கு மட்டும் ஒண்ணரை மணி முன்னால எழுதின பத்திரிகை தனியா அடிக்கலாமான்னு பேசிக்கிறாங்க. நான் வேணாம்னேன், மாப்பிள்ளை சர்டிபிகேட் வாங்குற அளவுக்கு வந்துட்டாருன்னு பெருமையாச் சொன்னேன்.

சரி, எழுந்திருங்க. கொல்லையில தேங்காய் உரிக்கக் கெடக்கு, மத்தியானக் கொழம்புக்கு உங்க மாமியார் கேட்டுக்கிட்டே இருக்கா. சோதனை நடக்கும்போது வாட்ச்சுக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு நீங்க வாயைத் திறக்கப் போறது தெரியுது. கழட்டித் திண்ணை மேல டயல் மேல பாத்தபடி வைங்க, எத்தனை மணிக்குக் கழட்டினீங்கன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க.